தேயிலைப் பெட்டியிலிருந்து தம்புரா வரை



சிங்கப்பூருக்கு வரும் தோட்டப்புற உறவினர்கள் எல்லோரும் முதலில் கால் வைக்கும் இடம் தேக்கா. அங்கிருந்து சிராங்கூன் சாலை வழியே நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில் நாகசுரம் காதில் விழும். ஒலிநாடாக் கடைகள் வரிசையாக இருந்த காலத்தில் ஒரு கடையில் டி. எம். சௌந்தரராஜன் பாடுவார், அடுத்த கடையில் பி. சுசீலா பாடுவார். இன்னும் சற்று நடந்து ஜாலான் புசார் பக்கம் திரும்பினால், 1923இல் தொடங்கிய நியூ வொர்ல்டு என்னும் கேளிக்கைப் பூங்கா இருந்த இடம் வரும். அங்கே சீன நாடகமும் மலாய் பங்சாவானும் மேல்நாட்டு நடன இசையும் ஒரே வேலிக்குள் நடந்தன. இன்று அந்த இடத்தில் கடைத்தொகுதி ஒன்று நிற்கிறது. பல இசைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வளர்ந்த ஊர் சிங்கப்பூர் என்பதை நினைவில் கொண்டால் இன்றைய பேச்சு எளிதாக விளங்கும்.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டு என்னும் ஆங்கிலப் பாடகர் தம் 'ஷேடோஸ்' குழுவினருடன் சிங்கப்பூருக்கு வந்து, கேலாங் பக்கம் இருந்த ஹேப்பி வொர்ல்டு அரங்கில் பாடினார். மூன்று மின்சாரக் கித்தார், ஒரு மேளத்தொகுதி, அவ்வளவுதான் அந்தக் குழு. அதைக் கண்ட இளைஞர்களுக்குப் புதிய எண்ணம் பிறந்தது. பெரிய வாத்தியக் குழு வேண்டாம், சங்கீதப் பள்ளிப் படிப்பு வேண்டாம், நாலு நண்பர்கள் சேர்ந்தால் போதும் என்று துணிந்தார்கள். அடுக்குமாடி வீடுகளிலும் கம்பங்களிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் என்ற வேறுபாடு அந்தக் குழுக்களில் பெரிதாக இல்லை. வாய்ப்பாட்டு இல்லாத கித்தார் இசைக்கு மொழிச் சண்டை ஏது?

அப்படித் தோன்றியவற்றுள் 'குவெஸ்ட்ஸ்' என்பது தலையாயது. குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்களை மையமாகக் கொண்டு 1961இல் எழுந்த குழு. 'தேடல்கள்' என்பது அந்தப் பெயரின் பொருள். ஜாப் சோங், சாம் தோ, லிம் வீ குவான் ஆகியோருடன் ரெஜி வர்கீஸ் என்னும் இளைஞர் முதன்மைக் கித்தார் வாசித்தார். வர்கீஸ் என்ற பெயரே கேரளத்து வேரைச் சொல்லும். பின்னர் வெர்னன் கொர்னேலியஸ் பாடகராகச் சேர்ந்தார். 1964இல் இவர்கள் 'ஷாண்டி' என்னும் கித்தார் இசைத்தட்டை வெளியிட்டனர். அது சிங்கப்பூர் விற்பனை வரிசையில் ஏறி, முதலிடத்தில் இருந்த ஒரு ஆங்கிலப் பாட்டைக் கீழே தள்ளிற்று. உள்ளூர்ச் சரக்கு அவ்வாறு முதலிடம் பிடித்தது பெருமைக்குரிய செய்தி. கீழே தள்ளப்பட்ட பாட்டு யாருடையது என்றால், அந்த ஆண்டு உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடிய பீட்டில்ஸ் குழுவினுடையது.

சிங்கப்பூரில் தோற்றதைப் பற்றி அந்த நால்வருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. 1964 ஏப்ரல் 4ஆம் தேதி அமெரிக்க விற்பனை வரிசையில் முதல் ஐந்து இடங்களும் அவர்களுடைய பாடல்களே! எனினும் நான் இன்று அவர்களைப் பற்றிப் பேச வந்தது அந்தப் புகழுக்காக அன்று. கைக்கு எட்டிய புகழையும் பணத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தெரியாத வழியில் இறங்கிய கதைக்காகவே பேசுகிறேன். அந்த வழி நம் தம்புராவையும் சிதாரையும் தொட்டுச் சென்றது.

நால்வரும் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துப் பிள்ளைகள். ஜார்ஜ் ஹாரிசனின் தந்தை பேருந்து ஓட்டியவர். அவர்கள் குடியிருந்த சிறிய வரிசை வீட்டில் கழிப்பிடம் வெளியேதான் இருந்தது. லயன் வீட்டில் வளர்ந்த நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரிங்கோ ஸ்டார் சிறு வயதில் ஆண்டுக் கணக்காக மருத்துவமனையில் கிடந்தார்; மேளம் தட்டப் பழகியதும் அங்கேதான். பால் மெக்கார்ட்னி 14 வயதிலும், ஜான் லெனன் 17 வயதிலும் தாயை இழந்தனர்.

1956ஐ ஒட்டி இங்கிலாந்தில் 'ஸ்கிஃபிள்' என்றொரு எளிய பாட்டு முறை பரவியது. வாத்தியம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் துணி துவைக்கும் பலகையைத் தாளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அடித்தொனிக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தேயிலைப் பெட்டி! இலங்கையிலிருந்தும் அசாமிலிருந்தும் கப்பலேறிப் போன பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு துடைப்பக் கழியை நிறுத்தி, ஒற்றைக் கயிற்றைக் கட்டி மீட்டினார்கள். லெனன் பள்ளி நாட்களில் தொடங்கிய 'குவாரிமென்' குழுவிலும் இந்தப் பெட்டி இருந்தது. கொழுந்து பறித்தவர் கையிலிருந்து போன பெட்டி அங்கே வாத்தியமாயிற்று என்று எண்ணும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

பிறகு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மதுக்கூடங்களில் இரவு முழுவதும் வாசித்துக் கை தேர்ந்தார்கள். 1962இல் டெக்கா நிறுவனம் இவர்களை வேண்டாம் என்றது. இ.எம்.ஐ. நிறுவனத்தில் ஜார்ஜ் மார்ட்டின் ஏற்றுக்கொண்டார். முதல் பெரிய இசைத்தட்டுக்கான பத்துப் பாடல்களை 1963 பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் பாடி முடித்தார்கள். அதன் பின் வந்தது வெறி என்றே சொல்ல வேண்டும். 1965 ஆகஸ்டில் நியூயார்க் விளையாட்டரங்கம் ஒன்றில் 55,000க்கு மேற்பட்டோர் கூடினர். கூச்சலில் பாடுவோருக்கே தம் பாட்டுக் கேட்கவில்லை. கேட்காத கச்சேரிக்கு எதற்குச் சாதகம் செய்வது? அந்தச் சலிப்புத்தான் மாற்றத்தின் முதல் வித்து.

இரண்டாம் வித்து தற்செயலாக விழுந்தது. 1965 ஏப்ரலில் ஒரு படப்பிடிப்பில் உணவுக்கடைக் காட்சி ஒன்றுக்காக இந்திய இசைக்கலைஞர் சிலரை அமர்த்தியிருந்தார்கள். அவர்களுடைய சிதாரை ஹாரிசன் கையில் எடுத்துப் பார்த்தார். ஆவல் பற்றிக்கொண்டது. அக்டோபரில் 'நார்வீஜியன் வுட்' என்ற பாட்டில் அதை வாசித்தார். வாசித்தார் என்பதைவிட, கித்தார் போலத் தட்டினார் என்பது பொருந்தும். ஒலிப்பதிவின்போது தந்தி ஒன்று அறுந்து போக, மாற்றுத் தந்திக்கு இலண்டனில் எங்கே போவது? அயனா அங்காடி என்னும் இந்தியர் நடத்திவந்த ஆசிய இசை வட்டத்தை நாடினார்கள். அந்தத் தொடர்பிலேதான் அங்காடி வீட்டில் 1966இல் ரவிசங்கரை ஹாரிசன் சந்தித்தார்.

அந்தப் பாட்டு இடம் பெற்ற இசைத்தட்டின் பெயர் 'ரப்பர் சோல்'. 1965 டிசம்பரில் வந்தது. பால்மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் வேடிக்கையாக இருக்கும். காலணியின் அடிப்பாகத்துக்கு ஆங்கிலத்தில் 'சோல்' என்று பெயர். ஆன்மாவுக்கும் அதே ஒலியுடைய சொல்தான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உள்ளம் உருகப் பாடும் இசையையும் அந்தச் சொல்லால் அழைப்பர். வெள்ளையர் அதைப் பாடினால் அது போலி என்ற கேலி ஒன்று இருந்தது. அந்தக் கேலியைத் தமக்கே சூட்டிக்கொண்டு, எங்களுடையது ரப்பர் ஆன்மா என்றார்கள். பிறர் இசையை எடுத்து ஆளும்போது அது நம்முடையதாகுமா என்ற கேள்வி அந்தச் சிலேடைக்குள் மறைந்திருக்கிறது.

1966 ஏப்ரலில் அவர்கள் தொடங்கிய ஒரு பதிவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'டுமாரோ நெவர் நோஸ்' என்பது பாட்டின் பெயர். மேல்நாட்டுப் பாட்டில் அடிக்கடி சுரக்கூட்டு மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றமே அதற்கு நடை. இந்தப் பாட்டிலோ ஏறத்தாழ முழுவதும் ஒரே ஆதார சுருதி. நம் கோயில் மேளத்தில் ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதுபோல. அதன்மேல் ரிங்கோவின் தாளம் விட்டு விட்டு இடிக்காமல், ஒரே சீராகச் சுழன்று வருகிறது. இத்துடன் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் ஓடும்வரை அதே ஒலி திரும்பத் திரும்ப வரும். வேகத்தைக் கூட்டியும் பின்னோக்கி ஓட்டியும் அவற்றைச் சேர்த்தார்கள். கட்டடத்தின் பல அறைகளில் இருந்த பொறிகளில் வளையங்கள் ஓட, ஊழியர்கள் பென்சிலால் நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றனர். மெக்கார்ட்னியின் சிரிப்பொலி ஒன்று கடற்பறவையின் கூவல் போலாகி விட்டது. லெனனின் குரலைச் சுழலும் ஒலிபெருக்கி வழியாகச் செலுத்தினார்கள். இதற்கெல்லாம் பொறியாளராக இருந்த ஜெஃப் எமரிக்குக்கு அப்போது வயது 20.

அதுவரை ஒலிப்பதிவுக் கூடம் என்பது பாடியதைப் பிடித்து வைக்கும் இடம். அன்று முதல் கூடமே ஒரு வாத்தியமாயிற்று. மேடையில் மீண்டும் செய்து காட்ட இயலாத இசை பிறந்தது. ஏறத்தாழ மூன்று நிமிட நீளமுள்ள அந்தப் பாட்டு 1966 ஆகஸ்டில் 'ரிவால்வர்' என்ற இசைத்தட்டில் வெளிவந்தது.

இதற்கிடையே ஆசியப் பயணம். தோக்கியோவில் பாடினார்கள். மணிலாவில் அதிபர் மாளிகை விருந்துக்குப் போகவில்லை என்பதற்காக விமான நிலையத்தில் தள்ளுமுள்ளுக்கு ஆளாகி, உயிர் தப்பினால் போதும் என்று புறப்பட்டார்கள். அங்கிருந்து 1966 ஜூலையில் தில்லி. அங்கே ரிகி ராம் கடையில் ஹாரிசன் நல்ல சிதார் ஒன்று வாங்கினார். ஆகஸ்டு 29ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததே கட்டணம் பெற்று நடத்திய கடைசிக் கச்சேரி. ஒரு கச்சேரிக்கு ஆயிரக் கணக்கில் டாலர் தர முதலாளிகள் காத்திருக்க, இனி மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்தார்கள். செப்டம்பரில் ஹாரிசன் பம்பாய்க்குப் போய் ரவிசங்கரிடம் மாணவராக அமர்ந்தார். கித்தாரில் உலகப் புகழ் பெற்றவர், சிதாரைப் பிடிக்கும் முறையையும் காலை மடக்கி உட்காரும் முறையையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பின்னர் 'சார்ஜன்ட் பெப்பர்'. முதல் தட்டுக்குப் பெரும்பாலும் ஒரு நாள். இதற்கோ ஏறத்தாழ 700 மணி நேரம். 1967இல் வெளிவந்தது. கடைசிப் பாட்டில் 40 பேர் கொண்ட வாத்தியக் குழுவை அழைத்து, ஒவ்வொருவரும் தம் கருவியின் தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம்வரை தம் போக்கில் ஏறிச் செல்லுங்கள் என்றார்கள். ஒன்றாகவே வாசித்துப் பழகியவர்களுக்கு அது பெருங்குழப்பம். நமக்கு அதனினும் முக்கியமானது ஹாரிசனின் 'வித்தின் யூ வித்தவுட் யூ'. அகில இந்திய வானொலிக்காக ரவிசங்கர் அமைத்த நீண்ட இசை ஒன்றை ஒட்டி இதைச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தில்ருபா, தபலா, தம்புரா ஆகியவற்றோடு மேல்நாட்டு வயலின்களும் செல்லோக்களும் சேர்கின்றன. சுரங்களின் போக்கு நம் அரிகாம்போதியை நினைவூட்டும். தில்ருபாவின் குழைவுக்கு ஈடாக ஆங்கிலேய வயலின்காரர்களை வளைந்து வாசிக்கச் செய்ய ஜார்ஜ் மார்ட்டின் பெரிதும் பாடுபட்டார். மற்ற மூன்று பீட்டில்ஸ்களும் இந்தப் பதிவில் வாசிக்கவே இல்லை.

எல்லாச் சோதனையும் வெற்றி பெற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 1968இல் ரிஷிகேசம் சென்று திரும்பியபின் வெளியிட்ட இரட்டைத் தட்டில் எட்டு நிமிடத்துக்கு மேல் வெறும் ஒலித்துணுக்குகளாலான ஒரு பகுதி உண்டு. அதைக் கேட்டு முடிக்க எனக்கு இன்றும் பொறுமை வேண்டியிருக்கிறது. சிதார் மோகமும் அப்படியே. எங்கே பார்த்தாலும் யார் பாட்டிலும் நாலு சிதார் தட்டல் என்றாயிற்று. போதை மருந்தோடு அதைச் சேர்த்துப் பேசுவோரும் கிளம்பினர். அது ரவிசங்கரைப் புண்படுத்தியது. தம் இசை தவம் போன்றது, மயக்கத்துக்குத் துணை அன்று என்று அவர் ஓயாமல் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1971 ஆகஸ்டு 1ஆம் தேதி வங்கதேச மக்களின் துயர் துடைக்க அவரும் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்திய கச்சேரியில், சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டிவிட்டது! சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்குமென நம்புவதாக அவர் நயமாகக் கூறினார். ஹாரிசன் அதற்கு முன்பே, 1968 வாக்கில், சிதாரைத் தம் முதன்மைக் கருவியாகக் கொள்வதை விட்டுவிட்டார். சிறு வயது முதல் பயின்றவர்களைக் கண்டபின், தாம் அந்த நிலையை எட்ட இயலாது என்று உணர்ந்து கித்தாருக்குத் திரும்பினார். அந்த நேர்மை எனக்கு அவருடைய சிதார் வாசிப்பைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 1970இல் குழு கலைந்தது. லெனன் 1980இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹாரிசன் 2001இல் நோயால் மறைந்தார்.

இனிச் சிங்கப்பூருக்குத் திரும்புவோம். குவெஸ்ட்ஸ் குழுவினர் 1966இல் 'குவெஸ்டிங்' என்ற நீண்ட இசைத்தட்டை வெளியிட்டனர். அவர்களும் பீட்டில்ஸ் பதிந்த அதே இ.எம்.ஐ. நிறுவனத்துக்குத்தான் வாசித்தார்கள். ஆனால் இலண்டன் கூடத்தில் அந்த நால்வருக்குக் கிடைத்த 700 மணி நேரம் இவர்களுக்கு யார் தருவார்? தம் தட்டுகளுக்கு வாசித்ததோடு, நிறுவனத்தின் மற்றப் பாடகர்களுக்குப் பின்னணி வாசிப்பதும் இவர்கள் வேலையாயிற்று. சிறிய சந்தை, விரைவில் முடித்தால்தான் கட்டும். சோதனை செய்யத் திறமை மட்டும் போதாது, வீணாக்கக் கொஞ்சம் நேரமும் வேண்டும். 1970ஐ ஒட்டி அந்தக் குழுவும் கலைந்தது. ரெஜி வர்கீஸ் பின்னர் இ.எம்.ஐ.யில் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளராகப் பணியாற்றி, 2015இல் காலமானார்.

1970களில் சிங்கப்பூரில் காற்றும் மாறிற்று. நீண்ட முடி வைத்த ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் சேவை என்று அறிவிப்புப் பலகைகள் தொங்கின. 1972இல் லெட் செப்பலின் என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் குழுவே அந்த முடியால் இங்கே பாட இயலாமல் போயிற்று. போதைப் பழக்கத்தைத் தடுக்க அரசு எடுத்த முயற்சியில் நியாயம் இருந்தது. பல குடும்பங்கள் அதனால் பிழைத்தன. ஆனால் கித்தார் தூக்கியவன் எல்லாம் கெட்டவன் என்ற எண்ணத்தில், துளிர்விட்ட உள்ளூர்க் குழுக்கள் பல பட்டுப்போயின.

எனினும் வேர் சாகவில்லை. பினாங்கில் 1960களின் இறுதியில் தோன்றிய 'அலிகேட்ஸ்' குழுவை நேயர்கள் அறிவீர்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள் பாடிய மலாய்ப் பாடல்களை நாடே பாடிற்று. லோகநாதன் 2007இல் மறைந்தபோது எல்லா இனத்தாரும் வருந்தினர். சிங்கப்பூரில் 1992இல் 'ருத்ரா' என்ற குழு எழுந்தது. இடி போன்ற மேல்நாட்டு உலோக இசையோடு வேதாந்தக் கருத்துகளையும் வடமொழிச் சுலோகங்களையும் இணைத்தவர்கள். அந்த ஓசை என் காதுக்குக் கடினமே. துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. திரையிசையில் பெரும்பகுதி சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட 'பிரியா' படத்துக்கு 1978இல் இளையராஜா ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிந்தார். 1992இல் 'ரோஜா' மூலம் ஏ. ஆர். ரகுமான் ஒலிப்பதிவுக் கூடத்தையே வாத்தியமாக்கும் வித்தையைத் தமிழ் வீடுதோறும் கொண்டு சேர்த்தார். இவர்கள் பீட்டில்ஸைப் பின்பற்றினார்கள் என்று சொல்வது மிகை. அந்த நால்வர் திறந்துவிட்ட கதவு வழியாக உலகில் பலரும் போனார்கள், நம்மவரும் போனார்கள்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. தோட்டத்தில் செக்ரோலில் பெயர் ஏறாவிட்டால் அன்றைய உழைப்பு என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். இசைத்தட்டின் உறையும் ஒருவகைச் செக்ரோல்தான். 'ரிவால்வர்' உறையில் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை அச்சிட்டார்கள். ஆனால் கோடிக்கணக்கானோர் கேட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' உறையில், அந்த இந்தியப் பாட்டுக்கு வாசித்த இலண்டன் வாழ் இந்தியக் கலைஞர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர்கள் பெரிய வித்துவான்கள் அல்லர்; பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் இசையை விடாமல் பற்றியிருந்த எளிய குடும்பத்தினர். ஐம்பது ஆண்டுகள் யாரும் தேடவில்லை. 2017இல், அந்த இசைத்தட்டின் பொன்விழா ஆண்டில், லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து பெயர்களை வெளியிட்டார்கள். தில்ருபா வாசித்தவர்கள் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார். தபலா, நட்வர் சோனி. தம்புரா மீட்டியவர் புத்ததேவ் கன்சாரா.